ஐந்தே விநாடியில் அணையும் ஃபர்னஸ்: தீயை அணைப்பது யார்?

கேள்வி இதுதான். கனடாவின் டொரொன்டோ நகரில், ஸ்கார்பரோவில் ஒரு வீடு. பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் பதினான்கு வருடப் பழைய கேஸ் ஃபர்னஸ். தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் உறுமுகிறது, தீப்பற்றுகிறது, ஐந்தாறு விநாடியில் அணைந்துவிடுகிறது. மூன்று நான்கு முறை முயன்றுவிட்டுப் பேசாமல் கிடக்கிறது. நெடுநேரம் கழித்துத் தானாக எழுந்து மறுபடியும் அதே நாடகம். பார்க்க வந்தவர் பத்து நிமிடம் நின்றுவிட்டு, "வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று புது ஃபர்னஸுக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வேண்டாம். நான் டொரொன்டோ பக்கம் இதே வேலையில் இருப்பவன். ஒவ்வொரு குளிர்காலமும் முதல் கடுங்குளிர் இறங்கிய வாரத்தில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். "பற்றுகிறது, நிற்கவில்லை" என்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை விநாடி எரிகிறது?" என்பதுதான்.

காரணம் இருக்கிறது. காற்றில் அகல் விளக்கு அணைவதுபோல் ஃபர்னஸின் தீ தானாக அணைவது அபூர்வம். யாரோ அணைக்கிறார்கள். உள்ளே நான்கைந்து காவலர்கள், அதாவது பாதுகாப்புக் கருவிகள், இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு காவலரும் சந்தேகப்படும் நேரம் வேறு. ஐந்தாவது விநாடியில் அணைப்பவர் ஒருவர், ஐந்தாவது நிமிடத்தில் அணைப்பவர் இன்னொருவர். அதனால் கையில் கடிகாரத்தோடு ஃபர்னஸ் முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் எதையும் பார்க்க வேண்டாம், எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், வெளியே நின்று போன் செய்யுங்கள். இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலும் இதே நடைமுறைதான். இரண்டாவது, நம் மாகாணமான ஒன்டாரியோவில் கேஸ் குழாய், வால்வு, பர்னர் இவற்றில் கை வைக்க உரிமம் வேண்டும். வந்தவரிடம் டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) அட்டையைக் கேட்கத் தயங்காதீர்கள். வீட்டு ஃபர்னஸுக்குப் பொதுவாக வருபவர் ஜி-2 உரிமம் உள்ளவராக இருப்பார். நான் கீழே சொல்லப்போவதில் வீட்டுக்காரர் செய்யத்தக்கது எது, செய்யக்கூடாதது எது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

சரி, தெர்மோஸ்டாட்டைக் கூட்டுங்கள். முதலில் ஒரு சின்ன மோட்டார் சுழலும் ஓசை. அதை இன்டியூசர் என்போம். புகையை வெளியே இழுத்துத் தள்ளுவது அதன் வேலை. இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கும். இருந்தால், தீமூட்டும் இக்னைட்டர் எரியும் கரி போலச் சிவந்து ஒளிரும். கண்ணாடிச் சாளரம் இருந்தால் வெளியிலிருந்தே தெரியும். பிறகு "க்ளிக்" என்று கேஸ் வால்வு திறக்கும், முதல் பர்னரில் நீலத் தீ பற்றி வரிசையாக அடுத்தடுத்த பர்னருக்குத் தாவும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் கழித்துத்தான் பெரிய விசிறி ஓடத் தொடங்கி, மேலே அறைகளுக்குச் சூடான காற்று வரும்.

உங்கள் வீட்டில் தீ பற்றும்வரை எல்லாம் முறையாக நடக்கிறது. அப்படியானால் இன்டியூசர், பிரஷர் சுவிட்ச், இக்னைட்டர், கேஸ் வால்வு நான்குமே தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பெரிய விசிறி தொடங்குவதற்கு முன்பே தீ போய்விடுகிறது. அந்த இடைவெளியில் பெரும்பாலும் அணைப்பவர் ஒரே காவலர்தான்: தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃபிளேம் சென்சர்.

பெயரைக் கேட்டால் ஏதோ கண்ணுள்ள கருவி போலிருக்கும். உண்மையில் அது பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் கம்பி. அடியில் வெள்ளைப் பீங்கான், ஒரே ஒரு ஒயர். அவ்வளவுதான். அது சூட்டை அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், சில டெக்னீஷியன்கள் உட்பட. இல்லை. தீயின் ஊடே மின்சாரம் பாயும்; அதைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது. எரியும் வாயுவில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருக்கின்றன. ஃபர்னஸின் மூளையான கன்ட்ரோல் போர்டு அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. ஒருபக்கம் மெல்லிய கம்பி, மறுபக்கம் தரையோடு இணைந்த பெரிய பர்னர். இரண்டின் பரப்பும் சமமில்லாததால் ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் மின்னோட்டம் போகிறது. மொத்தத்தில் மிகச் சிறிய நேர்திசை மின்னோட்டம் ஒன்று மிஞ்சுகிறது. போர்டு தேடுவது அதைத்தான். அளவு என்ன தெரியுமா? சில மைக்ரோ ஆம்பியர். நல்ல நிலையில் இரண்டு முதல் ஆறு வரை இருக்கும். பல போர்டுகள் அரை மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே போனால் "தீ இல்லை" என்று முடிவு கட்டிவிடும். ஒரு ஆம்பியரைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் அரைப்பங்கு! வீட்டையே சூடாக்கும் ஓர் இயந்திரம் இந்த நூலிழையில்தான் தொங்குகிறது.

இப்போது அந்தக் கம்பியின்மேல் ஒரு மெல்லிய படலம் படிந்தால் என்னவாகும்? வருடக்கணக்காகத் தீயில் நிற்கும் உலோகம். ஆக்சைடும், காற்றில் வரும் தூசியிலுள்ள சிலிகாவும் சேர்ந்து கண்ணாடி போன்ற ஒரு பூச்சாகப் படிகின்றன. அது மின்சாரத்தை விடாது. தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும். போர்டுக்கோ எதுவும் தெரியாது. எரியாத கேஸ் வீட்டுக்குள் நிரம்புகிறதோ என்ற பயத்தில் நான்கைந்து விநாடியில் வால்வை மூடிவிடும். மீண்டும் முயலும். பெரும்பாலான போர்டுகள் மூன்றிலிருந்து ஐந்து முறைவரை முயன்றுவிட்டு, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ பூட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதிய "நெடுநேரம் கழித்துத் தானாக எழுகிறது" என்பதற்கு அர்த்தம் இதுதான்.

கவனியுங்கள், படலம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. "சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று கம்பியை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்வது எப்படி? வீட்டுக்காரர்கள் பலர் தாங்களே செய்யும் வேலை இது, ஸ்க்ரூ டிரைவரே பிடித்திராதவர் விட்டுவிடுவது நல்லது. ஃபர்னஸின் கதவைக் கழற்றுவதற்கு முன், உள்ளே மினுக்கும் எல்.இ.டி. விளக்கை அதற்கென்ற சின்னத் துளை வழியாகப் பாருங்கள். எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சில போர்டுகள் மின்சாரத்தை நிறுத்தியதும் அதை மறந்துவிடும். மினுக்கல் கணக்கின் பொருள் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருக்கும். பிறகு ஃபர்னஸ் அருகே விளக்கு சுவிட்ச் போலவே இருக்கும் சுவிட்சை அணையுங்கள். கேஸ் குழாயிலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்புங்கள். இப்போதுதான் எரிந்து அணைந்திருந்தால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

பர்னர் வரிசையின் ஒரு கோடியில் இக்னைட்டர் இருக்கும். சென்சர் பெரும்பாலும் மறுகோடியில். அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. தீ முதல் பர்னரில் பற்றி, கடைசிவரை தாவிவிட்டது என்பதற்குச் சாட்சி சொல்லவே சென்சர் அங்கே நிற்கிறது. இக்னைட்டரில் கை படவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகச் சூடாகிப் பிளந்துவிடலாம். பழைய வகை இக்னைட்டர் சுவரில் லேசாக உரசினாலே அப்பளம் போல் நொறுங்கும். சென்சரை ஒரே ஒரு அறுகோணத் திருகு பிடித்திருக்கும், கால் அங்குல அளவு. ஒயரை அதன் முனையைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. கம்பியை நேராக வெளியே எடுங்கள்.

தேய்ப்பதற்கு மிக நைஸான ஸ்டீல் வுல் போதும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரின் காய்ந்த துண்டும் ஆகும். கரடுமுரடான உப்புத்தாள் வேண்டாம். அது கீறல் போட்டுவிடும், கீறலில் அடுத்த படலம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கத்தியால் சுரண்டுவதும் வேண்டாம். நுனியிலிருந்து பீங்கான்வரை சுற்றிச் சுற்றிப் பத்துப் பதினைந்து தடவை தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெயோ, பளபளப்பூட்டும் திரவமோ எதுவும் தடவ வேண்டாம். பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இருந்தால் மின்னோட்டம் அந்த வழியாகவே கசிந்துவிடும், தேய்த்துப் பயனில்லை, புதிது வாங்க வேண்டும். அதுவும் பெரிய விலை இல்லை. புது ஃபர்னஸின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

தேய்த்து மாட்டியும் அதே கதையா? இங்கேதான் அனுபவம் பேசும். முன்னே சொன்ன மின்னோட்டம் ஒரு சுற்றுப் போய் வர வேண்டும்: போர்டிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து தீ, தீயிலிருந்து பர்னர், பர்னரிலிருந்து தரை இணைப்பு வழியாக மறுபடி போர்டு. இந்தச் சுற்றில் எங்கே துரு இருந்தாலும் கணக்குத் தவறும். பர்னரைத் தாங்கும் திருகுகள் துருப்பிடித்திருந்தாலும், பச்சைத் தரை ஒயர் தளர்ந்திருந்தாலும், சென்சர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் போர்டுக்குத் தீ தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இரண்டு தடவை சென்சரை மாற்றினேன், மூன்றாவது தடவை போர்டையே மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வீட்டு அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "தம்பி, பேஸ்மென்ட்டைப் புதுப்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை" என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. மீட்டரை வைத்துப் பார்த்தால், ஃபர்னஸுக்கு வரும் மின் ஒயர்களில் லைனும் நியூட்ரலும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. விளக்கு எரியும், விசிறி ஓடும், எல்லாம் ஓடும். தீயை மட்டும் அந்த போர்டால் உணர முடியாது. இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டதும் வேலை முடிந்தது. அன்றிலிருந்து மின்னோட்டத்தை மைக்ரோ ஆம்பியரில் அளக்காமல் நான் எந்த பாகத்தையும் மாற்றுவதில்லை. உங்கள் வீட்டுக்கு வருபவரிடமும் அந்த அளவைக் கேளுங்கள். "சென்சர் எத்தனை மைக்ரோ ஆம்பியர் காட்டியது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர், உங்கள் ஃபர்னஸ் செத்துவிட்டது என்று சொல்லும் தகுதியும் இல்லாதவர்.

ஐந்தாறு விநாடியில் அணையும்போது தீயையும் ஒருமுறை பாருங்கள். கடைசி பர்னர்வரை தாவுகிறதா, நடுவில் நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் சென்சரின் மேல் தவறில்லை. பர்னர்களை இணைக்கும் பிளவில் துருவோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும், அல்லது கேஸ் அழுத்தம் குறைவு. இயற்கை எரிவாயு ஃபர்னஸில் பர்னருக்குப் போகும் அழுத்தம் வழக்கமாக மூன்றரை அங்குல உயர நீரின் அழுத்தம் என்ற அளவில் இருக்க வேண்டும். அதை அளப்பதும் திருத்துவதும் உரிமம் உள்ளவர் வேலை.

உங்கள் நிலைமை இதில்லை என்றாலும், வேறு கணக்கில் அணைபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில நிமிடங்கள் நன்றாக எரிந்து, தீ மட்டும் போய்ப் பெரிய விசிறி ஓடிக்கொண்டே இருந்தால், அணைத்தவர் சூட்டு வரம்பைக் காக்கும் லிமிட் சுவிட்ச். உள்ளே சூடு தேங்குகிறது என்று பொருள், காற்று போதவில்லை. முதல் குற்றவாளி ஃபில்டர். நம் வீடுகளில் தினமும் தாளிப்பு, வறுவல், ஊதுபத்தி. ஓர் அங்குல ஃபில்டருக்கு மூன்று மாதம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லையென்றால் காற்றும் ஊடுருவாது. மேல்மாடியில் ஆளில்லாத அறைகளின் காற்றுத் துளைகளையெல்லாம் மூடி வைத்து கேஸ் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பவர்களுக்கும் இதே தண்டனை.

பனிப்புயல் அன்று மட்டும் அணைகிறதென்றால் வெளியே போங்கள். கனடாவில் 2010 முதல் தயாரித்து விற்கப்படும் வீட்டு கேஸ் ஃபர்னஸ்கள் பொதுவாகக் குறைந்தது 90 சதவீதத் திறன் உள்ளவை. அவற்றின் புகை பெரும்பாலும் கூரைக்குப் போகாமல் பக்கச் சுவரில் பிளாஸ்டிக் குழாயாக வெளிவரும். பனி குவிந்து அந்தக் குழாய் வாயை மூடியிருக்கும். கையால் அகற்றுங்கள், மண்வெட்டியால் குழாயை இடித்துவிடாதீர்கள். ஃபர்னஸுக்குள் தண்ணீர் களகளவென்று ஓசை கேட்டால் ஃபர்னஸின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. இந்த வகை ஃபர்னஸ் புகையிலிருந்தே ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்கிறது, அது போக வழியில்லாமல் நின்றால் பிரஷர் சுவிட்ச் ஏமாறும்.

மிகப் பழைய ஃபர்னஸில், எப்போதும் எரியும் பைலட் தீயே நிற்கவில்லை என்றால் அங்கே காவல் தெர்மோகப்பிள். தீயின் சூட்டில் முப்பது மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தம் உண்டாக்கி அதனாலேயே வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பற்றவைக்க அழுத்திய குமிழை விட்டவுடன் பைலட் அணைந்தால் பெரும்பாலும் அதைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு காவலரை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. பர்னருக்கு அருகில் சிவப்புப் பொத்தான் உள்ள ரோல்அவுட் சுவிட்ச் தானாகத் துண்டித்திருந்தால், தீ தன் இடத்தைவிட்டு வெளியே நாக்கை நீட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டாதீர்கள். பெரிய விசிறி தொடங்கியதும் தீ ஆடி மஞ்சளாக மாறினாலும் அப்படித்தான். தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகக் கூடான ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம். பிரஷர் சுவிட்சை ஒயரால் குறுக்கே இணைத்து "ஓட வைத்த" வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், நினைத்தாலே பதறுகிறது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நால்வரும் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரில் 2013இல் ஒன்டாரியோ சட்டம் கொண்டுவந்துதான் வீடுகளில் அலாரம் கட்டாயமானது. உங்கள் படுக்கையறை அருகே இருக்கும் அலாரத்தின் பின்புறத்தைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் அதைச் செய்யுங்கள்.

இனி, மாற்றச் சொன்னவர் விஷயம். பதினான்கு வருடம் என்பது ஃபர்னஸுக்கு முதுமைதான், மரணமில்லை. பதினைந்திலிருந்து இருபது வருடம் ஓடுபவை நிறைய. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்று ஒருவர் சொன்னால் அது உண்மையான காரணம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெறுமனே "வயதாகிவிட்டது" என்பது காரணமில்லை. கதவைத் தட்டி வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்துவிட்டது; நீங்கள் அழைக்காமல் வந்தவராக இருந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். நீங்களே அழைத்தவராக இருந்தாலும், நடுங்கும் குளிரில் மாத வாடகைத் திட்டத்தில் அன்றிரவே கையெழுத்துப் போட வேண்டாம். பத்து வருட வாடகையைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

ஆள் வரும்வரை ஓரிரவு குளிரைத் தாங்க வேண்டியிருந்தால், மின்சார ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்பு ஒயரில் வேண்டாம். கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு அறையைச் சூடாக்குவது அறவே கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் தண்ணீரை நூல் போல் ஒழுகவிடுங்கள், உறைந்து வெடிக்காமல் இருக்கும்.

சென்சரைத் தேய்த்து மாட்டியபின் கேஸைத் திறந்து, கதவை மூடி, சுவிட்சைப் போடுங்கள். கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளேயிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் எதையும் ஓடவிடாது. "தேய்த்த பிறகு அடியோடு ஓடவில்லை" என்று பதறிப்போய் என்னை அழைத்தவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணுங்கள். பத்தாவது விநாடியைத் தாண்டித் தீ நின்றால் சென்சர் அதைப் பார்த்துவிட்டது. வீடு சூடாகி ஃபர்னஸ் தானாக நிற்கும்வரை ஒரு முழுச் சுற்று கூடவே இருங்கள். பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் கதவின் உட்புறத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த குளிர்காலம்வரை ஓடினால் நல்லது. மூன்று வாரத்தில் மறுபடி அணைந்தால், தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். தரை இணைப்பையும் பர்னரையும் பார்க்கச் சொல்லி ஆளை அழையுங்கள், அந்தத் தேதியைக் காட்டுங்கள். வருபவருக்கு அது அரை மணி நேர வேலையை மிச்சமாக்கும்.